காலியும் பாதியும்

மேகஸீன் என்பது எழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போடும் சொல். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், தீபாவளிக்கு ஒரு சிறுகதை, இடையில் ஆசிரியர் கேட்கும்போது ஒரு கட்டுரை என்று அந்த வயிற்றுக்குத்தான் நாங்கள் ஆயுள் முழுவதும் தீனி போட்டுக் கொண்டிருக்கிறோம். துப்பாக்கி பிடிக்கிறவர்களும் இதே சொல்லை வைத்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மேகஸீன் என்பது தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துப்பாக்கியின் அடிவயிற்றில் செருகும் தகரப் பெட்டி. உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். ஒரு தோட்டா வெடித்துப் போனதும் அடுத்த தோட்டாவை அந்த வில் மேலே தள்ளிக் கொடுக்கும்.

பத்திரிகைக்கும் தகரப் பெட்டிக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். அரபு மொழியில் 'மக்ஸன்' என்றால் சரக்குச் சேர்த்து வைக்கும் இடம். எங்கள் விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சில் சொன்னால் கிட்டங்கி. ஐரோப்பியர்கள் அந்தச் சொல்லை வாங்கி வெடிமருந்துக் கிட்டங்கிக்கும் வைத்தார்கள். 1731இல் லண்டனில் எட்வர்டு கேவ் என்பவர், பல விஷயங்களையும் சேர்த்து வைக்கும் கிட்டங்கி என்ற பொருளில் தம்முடைய பத்திரிகைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஆகவே இரண்டு தொழிலுக்கும் மூலதனம் ஒரே கிட்டங்கிதான். வித்தியாசம் என்னவென்றால், பத்திரிகைக்காரருக்குச் சரக்குத் தீர்ந்து விட்டால் பழைய கதை ஒன்றை எடுத்து மறுபிரசுரம் செய்து சமாளித்து விடலாம். சிப்பாய்க்கு அந்த வசதி கிடையாது.

சினிமாவில் நம் கதாநாயகர்களுக்கு மட்டும் அந்த வசதி உண்டு. நூறு பேரைச் சுட்ட பிறகும் அவர்கள் துப்பாக்கி ஓய்வதில்லை. அப்படியே ஓய்ந்தாலும் 'சடக்' என்று ஒரு பெட்டியைக் கழற்றி எறிந்து, 'படக்' என்று இன்னொன்றை மாட்டுவார்கள். எறிந்த பெட்டி என்ன ஆயிற்று, அதில் மிச்சம் இருந்ததா, மடியில் இன்னும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கிற ஒருவரை நான் ராஜபாளையத்தில் சந்தித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பையனுக்கு வயது பத்தொன்பது. 2022இல் அரசாங்கம் கொண்டுவந்த அக்னிவீர் திட்டத்தின்படி நாலு வருஷத்துக்குப் பட்டாளத்தில் சேரத் தேர்வாகியிருந்தான். தகப்பனில்லாத பிள்ளை. அவன் தாயார் ஒரு நாள் என்னிடம் வந்து, "நீங்கள்தான் நாலு பேரைத் தெரிந்தவர். பட்டாளத்திலிருந்து நல்லபடியாகத் திரும்பி வந்தவர் யாரையாவது இவன் கண்ணில் காட்டுங்கள். இவனுக்கு எல்லாம் விளையாட்டாக இருக்கிறது" என்றாள். அவள் சொன்ன வார்த்தைகளில் 'நல்லபடியாகத் திரும்பி வந்தவர்' என்பதுதான் அழுத்தமாக விழுந்தது.

எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட மனிதர் ராஜபாளையத்தில் இருக்கிறார். வெலிங்டனில் பயிற்சி பெற்று மதராஸ் ரெஜிமெண்டில் சேவை செய்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பிய பிறகு பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் நாலு தறி போட்டார். அந்த ஊர்த் தறிகள் நெய்வது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி. இப்போது தறியை மகன்கள் பார்த்துக் கொள்கிறார்கள். கிழவருக்கு எழுபத்தைந்தைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் ஹவில்தார் அண்ணாச்சி. எனக்கும் அப்படியே.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவரைப் பார்க்கப் போகிறோம் என்றால் கையில் பால்கோவா இல்லாமல் போக முடியாது. போனால் அவர்களே கேட்டு விடுவார்கள். கூட்டுக் குடும்பமாயிற்றே என்று அரைக் கிலோ டப்பாவாக மூன்று வாங்கிக் கொண்டு பையனுடன் பஸ் ஏறினேன். பஸ் போகிற அரை மணி நேரமும் மேற்கே மலை கூடவே வந்தது. பையன் அதைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் யுத்த விளையாட்டு விளையாடிக் கொண்டிருந்தான்.

அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் பையனைப் பார்த்து, "என்ன ராசா, கையிலே என்ன அது? காட்டு பாப்போம்" என்றார். பையன் உற்சாகமாக அவர் பக்கத்தில் நகர்ந்து விளையாடிக் காட்டினான். திரையின் மூலையில் துப்பாக்கியில் இருக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கை தெரிகிறது. முப்பதில் பன்னிரண்டு சுட்டதும் பையன் ஒரு பொத்தானைத் தட்டினான். பழைய பெட்டி கீழே விழுந்தது, புதுப் பெட்டி ஏறியது, எண்ணிக்கை மறுபடி முப்பது ஆயிற்று.

"இரு, இரு" என்று தடுத்தார் அண்ணாச்சி. "கழட்டிப் போட்டியே ஒரு பெட்டி, அதிலே பதினெட்டு இருந்துச்சே. அது எங்கே போச்சு?"

பையன் யோசித்தான். "மொத்தக் கணக்கிலே சேர்ந்துடும் தாத்தா."

"யாரு சேர்ப்பா?"

"அதுவா சேரும்."

அண்ணாச்சி சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. "அங்கே அதுவா எதுவும் சேராது ராசா. நீதான் சேர்க்கணும். அதுக்கு முன்னாடி அது எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியணும்" என்றார்.

பிறகு அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மருமகளைக் கூப்பிட்டு, ஒரு டப்பாவிலிருந்த பால்கோவாவை முழுவதும் பாத்திரத்தில் கொட்டிக் காலி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். இன்னொன்றில் பாதியை எடுக்கச் சொன்னார். மூன்றாவது அப்படியே இருந்தது. ஒன்று நிறை, ஒன்று பாதி, ஒன்று காலி. மூன்றையும் மூடிப் பையனுடைய இடது கைப்பக்கம் ஒரு மஞ்சள் பையில் கலந்து போட்டார். தோளில் கிடந்த துண்டால் அவன் கண்ணைக் கட்டினார்.

"நிறைஞ்சதை எடு. சீக்கிரம்!" என்று சொல்லிவிட்டு, அவன் காதருகில் தாம்பாளத்தை ஓங்கித் தட்ட ஆரம்பித்தார். கட்டியிருந்த வெள்ளை நாய் எழுந்து குரைத்தது. குழந்தைகள் ஓடி வந்து கத்தினார்கள். பையன் பைக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை உருவினான். பாதி டப்பா.

"போச்சு" என்றார் அண்ணாச்சி. "சாவகாசமா மூணையும் தூக்கிப் பார்த்தா நீயே சொல்லியிருப்பே. அந்த நேரத்திலே சாவகாசம் இருக்காது. காலியை எடுத்தா உடனே தெரியும், லேசா இருக்கும். பாதிதான் ராசா ஆளை ஏமாத்தும்."

எடைக் கணக்கு வேடிக்கையாக ஒத்துப் போகிறது. அண்ணாச்சி காலத்தில் பட்டாளத்தில் இருந்த எஸ்.எல்.ஆர். ரைபிளுக்கு ஒரு மேகஸீனில் 20 தோட்டா. 7.62 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று ஏறக்குறைய 24 கிராம். இருபதும் சேர்ந்தால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பால்கோவா டப்பா அளவுதான். பத்துத் தோட்டா குறைந்தால் கால் கிலோ குறையும். கடையில் நிதானமாக நிறுத்துப் பார்க்கிறவனுக்கு அது பெரிய வித்தியாசம். ஓடி வந்து மூச்சு வாங்க மண்ணில் படுத்திருக்கிறவனுடைய விரல்களுக்கு அது ஒரு வித்தியாசமே அல்ல.

இந்தப் 'பாதி' என்ற தொல்லை துப்பாக்கியோடு கூடப் பிறந்தது அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே மலையடிவாரத்தில் பூலித்தேவனுடைய ஆட்களும் கும்பினிச் சிப்பாய்களும் மோதிக் கொண்ட காலத்தில், ஒரு தடவை கெட்டித்தால் ஒரே வேட்டு. மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, மறுபடி சுட வேண்டும். நல்ல தேர்ச்சி பெற்ற சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று வேட்டுப் போடுவான். அவனுடைய துப்பாக்கி ஒன்று நிறைந்திருக்கும், அல்லது காலியாக இருக்கும். நடுவில் ஒரு நிலை இல்லை.

பின்னால் மேகஸீன் வந்தபோது, பிரிட்டிஷ் ராணுவத்துப் பெரியவர்களுக்கே அதன்மேல் பயம் இருந்தது. சிப்பாய் கையில் பத்துத் தோட்டாவை ஒரே மூச்சாகக் கொடுத்தால் ஊதாரியாகி விடுவானே என்ற கவலை. அதனால் ஆரம்பகாலத்து லீ-என்ஃபீல்டு ரைபிளில் மேகஸீனுக்கு மேல் ஒரு தகட்டை வைத்தார்கள். தகட்டைத் தள்ளி மூடி விட்டால் உள்ளே இருக்கும் தோட்டாக்கள் மேலே வரமாட்டா. ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். நெருக்கடி வந்தால் மட்டும் தகட்டைத் திறந்து கிட்டங்கியில் கை வைக்கலாம். வீட்டுப் பெரியவர் நெல்லுப் பத்தாயத்துச் சாவியை இடுப்பில் முடிந்து வைத்துக் கொள்வது போன்ற ஏற்பாடு! முதல் உலக யுத்தத்தின் அவசரத்தில் அந்தத் தகட்டை எடுத்து விட்டார்கள்.

அந்த 303 ரைபிளிலும் பாதி ஒரு தொல்லையாக இருக்கவில்லை. மேகஸீன் துப்பாக்கியிலேயே இருக்கும். ஐந்தைந்து தோட்டாவாகக் கவ்விய தகட்டை மேலே வைத்து விரலால் உள்ளே அழுத்தினால் நிரம்பி விடும். நாலு குறைந்திருந்தால் நாலை உதிரியாகப் போட்டுக் கொள்ளலாம். 1962இல் இமயமலையில் சீனரை எதிர்த்து நின்ற நம் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது இந்தத் துப்பாக்கிதான். அந்த ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி ரெசாங் லாவில் மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் குமாவோன் ரெஜிமெண்டின் ஒரு கம்பெனி, ஏறத்தாழக் கடைசி ஆள் வரை நின்று மடிந்தது இதைக் கொண்டுதான். அந்த யுத்தத்துக்குப் பிறகு எஸ்.எல்.ஆர். பரவலாக வந்தது. விசையை அழுத்த அழுத்த வெடிக்கும். பெட்டி கழன்று வரும். தீர்ந்ததும் வேறொன்றை மாட்டலாம். பெட்டி கழன்று வந்த அன்றே சிப்பாயின் இடுப்பில் மூன்று ஜாதிப் பெட்டிகள் வந்து சேர்ந்து விட்டன: நிறைந்தது, தீர்ந்தது, பாதி தீர்ந்தது.

"இதுக்கு என்னதான் வழி தாத்தா?" என்று கேட்டான் பையன், கண்கட்டை அவிழ்த்துக் கொண்டே.

அண்ணாச்சி எழுந்து நின்றார். இடுப்பின் இடது பக்கத்தைத் தட்டினார். "கை தானாப் போற இடம் இது. இங்கே நிறைஞ்சது மட்டும்தான் இருக்கணும். எல்லாம் ஒரே மாதிரி, குண்டு மூக்கு ஒரே பக்கம் பார்த்து இருக்கணும். எடுத்தா அப்படியே ஏறணும். கை யோசிக்கக் கூடாது. இங்கேயிருந்து ஒண்ணு வெளியே போச்சுன்னா, சுட்டதுக்கு அப்புறம் அது இங்கே திரும்பி வரவே கூடாது."

"அப்ப எங்கே வைக்கிறது?"

"காலி மடியிலே. எங்க ஆத்தா பருத்தி எடுக்கப் போனா முந்தானையை இழுத்து மடி கட்டிக்குவா. எடுத்த பஞ்சை அதிலே போட்டுக்கிட்டே போவா, குனிஞ்சு கூடப் பார்க்க மாட்டா. நாங்க சட்டையிலே மேல் பொத்தானைக் கழட்டிவிட்டு உள்ளே போட்டுக்குவோம். பெல்ட்டு இறுக்கி இருக்கிறதால கீழே விழாது. பாதிக்கு வேற இடம். கால்சட்டையிலே பெரிய பை இருக்குல்ல, அது. பாதியும் காலியும் ஒண்ணாக் கிடக்கக் கூடாது."

இப்போதெல்லாம் காலியைப் போடுவதற்கென்றே வாயகன்ற தொங்குபை ஒன்றைச் சிப்பாய்கள் இடுப்பின் பின்புறம் கட்டிக் கொள்கிறார்கள். சுருட்டி வைத்தால் கைக்குட்டை அளவு. விரித்தால் நாலைந்து பெட்டி கொள்ளும். அண்ணாச்சியின் தாயார் கட்டிய மடியைத்தான் வெளிநாட்டில் நைலானில் தைத்து விற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எப்போது மாற்றுவது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தீர்ந்த பிறகு மாற்றுவது வேறு, தீருமுன்பே மாற்றுவது வேறு. எதிரி கிட்டே நிற்கும்போது சுத்தமாகத் தீர்ந்து விட்டால் மரியாதை பார்க்க நேரமில்லை. காலிப் பெட்டி விழுகிற இடத்தில் விழட்டும், புதியது ஏற வேண்டும். சண்டை ஒரு கணம் தணிந்து, மறைவான இடமும் கிடைத்தால், பாதி இருக்கும்போதே மாற்றிக் கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதற்கும் வரிசை உண்டு. முதலில் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிக்குச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் மாற்றக் கூடாது. பிறகு நிறைந்ததைக் கையில் எடுத்துக் கொண்டுதான் பாதியைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு தேடக் கூடாது. அந்த இடைவெளியிலும் துப்பாக்கிக் குழலின் பின்பக்கத்தில் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். அது ஒன்றுதான் அவனுக்குக் காவல்.

"ஆபத்து வந்தப்போ மாத்துறவன் ஒரு கையாலே மாத்துறான், ஓய்வா இருக்கிறப்போ மாத்துறவன் ரெண்டு கையாலே மாத்துறான்" என்றார் அண்ணாச்சி.

பையனுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "பாதியை எதுக்கு தாத்தா சுமக்கணும்? தூக்கிப் போட்டுட்டு லேசாப் போகலாமே. தோட்டா கொடுத்துக்கிட்டேதானே இருப்பாங்க?"

"தோட்டா கொடுப்பாங்க. பெட்டி கொடுப்பாங்களா? தோட்டா பெட்டி பெட்டியா லாரியிலே வரும். மேகஸீன் உன் பேரிலே கொடுத்தது கொடுத்ததுதான். நாலையும் வழியிலே வீசிட்டு வந்தேன்னு வை, மலை மாதிரி தோட்டா குவிஞ்சு கிடந்தாலும் ஒவ்வொண்ணாப் போட்டுத்தான் சுடணும். நாடா இல்லாதவன் கையிலே தார் கிடைச்ச கதைதான்."

தறி தெரியாத வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். பாவு நீளத்தில் ஓடும் நூல்; அதன் குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றி வைத்ததற்குத் தார் என்று பெயர். தாரை நாடாவுக்குள் வைத்தால் நாடா இப்பாலும் அப்பாலும் பாய்ந்து நெய்யும். தார் தீர்ந்ததும் தறியை நிறுத்தி வேறு தார் மாற்ற வேண்டும். நாங்கள் பிறகு சத்திரப்பட்டிக்குப் போய் அவர்கள் தறிக்கூடத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் நூல் சுற்றிய தாருக்கு ஒரு கூடை. எட்டிக் கை நீட்டினால் அகப்படுகிற இடத்தில் இருந்தது. வெறும் குச்சிக்கு ஒரு கூடை, காலடியில். பாதி நூல் நின்ற தார்களுக்குத் தனியாக ஒரு தகர டப்பா, சன்னல் மேடையில். தறியின் இரைச்சலில் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"பட்டாளத்துப் பழக்கத்தை இங்கே கொண்டு வந்துட்டீங்க" என்றேன்.

"இல்லே தம்பி. இங்கேயிருந்து அங்கே கொண்டு போனேன். எங்க அப்பா கைத்தறி போட்டவர். வெறும் குச்சியை நூல் கூடையிலே போட்டா மண்டையிலே குட்டுவார். வெலிங்டன்லே உஸ்தாது மேகஸீனைப் பத்திச் சொன்னப்போ, இதுக்கா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தோம்னு சிரிப்பு வந்துச்சு" என்றார்.

வெலிங்டன் என்றதும் அவருக்குக் கோக்காவின் நினைவு வந்து விட்டது. தோட்டா வெடித்த பின் வெளியே தெறித்து விழும் பித்தளைக் கூட்டுக்குப் பட்டாளத்து இந்தியில் கோக்கா என்று பெயர். சுடும் பயிற்சி முடிந்ததும் கொடுத்த தோட்டாவுக்குச் சரியாக வெற்றுக் கூட்டைத் திருப்பித் தர வேண்டும். என்னிடம் தோட்டாவும் இல்லை, கோக்காவும் இல்லை என்று ஒவ்வொருவனும் உரத்துச் சொன்ன பிறகுதான் கலைய முடியும். ஒன்று குறைந்தாலும் மொத்தக் கூட்டமும் முழங்காலில் நின்று புல்லை விலக்கித் தேடும். ஒரு சாயங்காலம் நீலகிரிப் பனியில் இருட்டும் வரை தேடினார்களாம். கடைசியில் அது ஒருவனுடைய பூட்ஸுக்குள் இருந்ததாம். சமாதான காலத்தில் வெற்றுக் கூட்டுக்குக் கூடக் கணக்கு. யுத்தத்திலோ அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே காப்பாற்ற வேண்டியது பெட்டி. எதை விடுவது, எதை விடக் கூடாது என்பது இடத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது.

அப்போதுதான் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான். அவன் வயதில் எல்லோரும் கேட்கிற கேள்வி. "தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?"

தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. "அந்தக் கணக்கு நான் வச்சுக்கிறதில்லே ராசா. வேற ஒரு கணக்குச் சொல்றேன்" என்றார்.

1971 டிசம்பர். மேற்கு எல்லை. ஊர்ப் பெயரை அவர் சொல்லவில்லை. கோதுமை வயலை ஒட்டிய ஒரு மேட்டில் படுத்திருந்தார்கள். அவருக்கு ஜோடியாக இருந்தவன் தர்மபுரிப் பக்கத்துப் பையன். இவரைவிட ஒரு வயது சிறியவன். இருவரும் வெலிங்டனில் ஒன்றாகத் தேறியவர்கள். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்த சண்டை விட்டு விட்டு நடந்தது. மூன்று மணி சுமாருக்கு அடங்கியது. அடங்குகிற சமயத்தில்தான் பையனுக்குக் கழுத்தில் பட்டது. சத்தமே போடவில்லையாம். தூக்கிக் கொண்டு போக ஆள் வருவதற்குள் முடிந்து விட்டது.

"சண்டை நின்னதும் முதல்லே ஆளை எண்ணணும். அப்புறம் தோட்டாவை எண்ணணும். இருக்கிறதை ஒண்ணு சேருங்கன்னு உத்தரவு வந்துச்சு. அழறதுக்கு நேரமில்லே. அவன் இடுப்பிலே கை வச்சேன். பையிலே ரெண்டு நிறை மேகஸீன். குண்டு மூக்கு ஒரே பக்கம். சட்டைக்குள்ளே ரெண்டு காலி. கால்சட்டைப் பையிலே ஒரு பாதி. விளக்கு இல்லே, நிலா இல்லே. என் கை தேடவே இல்லே தம்பி. நான் எங்கே வச்சிருப்பேனோ, அங்கேதான் அவனும் வச்சிருந்தான்."

அந்தப் பாதியில் பதினொன்று இருந்தது. அண்ணாச்சியிடம் இருந்த பாதியில் ஒன்பது. அவன் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் நெம்பி எடுத்துத் தம்முடைய பெட்டியில் அழுத்தினார். குளிரில் விரல் மரத்துப் போய், ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுருள்வில் எதிர்த்துத் தள்ளியது. பதினொன்றும் ஏறி இருபது ஆயிற்று. அதைத் தம் இடது இடுப்பில், நிறைந்ததோடு நிறைந்ததாக வைத்துக் கொண்டார்.

"விடியறதுக்குள்ளே அது வேண்டியிருந்துச்சு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. உள்ளே தறிகள் கட்டுத் துணியை நெய்து கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் துணி ஆஸ்பத்திரிக்கும் போகும், பட்டாளத்துக்கும் போகும். எங்கே போகுதுன்னு நாம பார்க்க முடியாது" என்று அவராகவே சொல்லிக் கொண்டார்.

யுத்தத்தைப் பற்றி எனக்குப் பெருமித உணர்ச்சி எதுவும் கிடையாது. மனிதனை மனிதன் கொல்வதற்கு இத்தனை ஒழுங்கும் சிக்கனமும் வேண்டியிருக்கிறதே என்பது நினைக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த இருட்டில் இறந்தவனுடைய ஒழுங்கு உயிரோடு இருந்தவனுக்கு உதவிற்று என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அவன் ஒரு காலியைச் சோம்பலால் முன் பையில் திருப்பி வைத்திருந்தால், விடியுமுன் அண்ணாச்சியின் கை அதைத்தான் உருவியிருக்கும். வீரம் என்று நாம் பாடுவதெல்லாம் கண நேரத்துக் காரியம். அதற்கு முன்னால் யாரும் பார்க்காத வேளையில் செய்த சின்னச் சின்ன வேலைகளின் மேல்தான் அது நிற்கிறது.

இந்தத் தொல்லையைத் தீர்க்க யந்திர நிபுணர்களும் எத்தனையோ செய்து பார்த்திருக்கிறார்கள். பெட்டியின் அடியில் கடைசி மூன்று தோட்டாவாக எரிந்து கொண்டே பாயும் தோட்டாவை வைப்பார்கள். கண்ணுக்கு ஒளிக்கோடு தெரிந்தால் தீரப் போகிறது என்று அர்த்தம். எதிரிக்கும் அது தெரியும் என்பது ஒரு சங்கடம். நம் நாட்டில் செய்த இன்சாஸ் ரைபிளுக்கு உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் மேகஸீன் செய்தார்கள். நல்ல யோசனைதான். 1999இல் கார்கில் குளிரில் அது விரிசல் விட்டது என்று புகார் வந்தது. ஏ.கே. 47 வகைத் துப்பாக்கியிலோ தீர்ந்து விட்டதென்ற அறிவிப்பே கிடையாது. விசையை அழுத்தினால் வெறும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் அறிவிப்பு. இத்தனைக்கும் பிறகு, காலியை எங்கே வைத்தோம், பாதியை எங்கே வைத்தோம் என்பது பழையபடி மனிதனுடைய கையிலேயே இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் கைப்பேசியை எடுக்கவில்லை. இடது கையைச் சன்னல் பக்கம் தொங்கவிட்டு, அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக் கொண்டான். கோபுரம் தெரிந்ததும், "அந்தப் பதினொண்ணையும் அவர் சுட்டுட்டாரா மாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அதை அவர் சொல்லவில்லையே" என்றேன்.

அவன் தாயார் வாசலில் காத்துக் கொண்டிருந்தாள். பையன் உள்ளே போன பிறகு, "என்ன சொன்னார் அந்தப் பெரியவர்?" என்று மெல்லக் கேட்டாள். கழுத்தில் குண்டு பட்டவனைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "காலியை ஒரு பக்கம் வைக்க வேண்டும், பாதியை ஒரு பக்கம் வைக்க வேண்டும், நிறைந்த இடத்தில் அவற்றைத் திருப்பி வைக்கக் கூடாது என்று சொன்னார்" என்றேன்.

அவள் என்னை நம்பாதவள் போலப் பார்த்தாள். "இதைச் சொல்ல ராஜபாளையம் வரைக்கும் போகணுமா? நான் தினம் தொண்டை வறளச் சொல்றது இதுதானே! தண்ணியைக் குடிச்சுட்டு வெறும் பாட்டிலை அப்படியே ஃபிரிட்ஜிலே திருப்பி வச்சுட்டுப் போறான். ராத்திரி தாகத்துக்கு எடுத்தா ஒண்ணிலே பாதி, ஒண்ணிலே ஒண்ணுமில்லே" என்றாள்.

சொல்லிக் கொண்டிருக்கும்போதே உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். பையன் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்துக் கொண்டு, ஒவ்வொன்றாக நிரப்பிக் கொண்டிருந்தான்.